புகையிரத ஊழியரின் மகன் பிரபுவான கதை



2010ஆம் ஆண்டு ஜூலை 11. தென்னாபிரிக்காவின் ஜொஹன்னஸ்பேர்க் நகரில் உலகக் கிண்ண உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. நமது நேரப்படி நள்ளிரவு 12 மணிக்குத்தான் ஆட்டம் தொடங்கியது. ஸ்பெயினும் நெதர்லாந்தும் மோதிய அந்தப் போட்டியைத் தூக்கம் விழித்துப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். 116ஆவது நிமிடத்தில் இனியெஸ்டா அடித்த ஒரே கோல் நம் நினைவில் இருக்கும். கிண்ணத்தை உயர்த்திய தலைவர் கசியாஸின் முகமும் நினைவில் இருக்கும்.

ஆனால் மைதானத்தின் ஓரத்தில், மீசை வைத்த, பெரிதாக ஆர்ப்பரிக்காத ஒரு மனிதரும் இருந்தார். அவர்தான் ஸ்பெயின் அணியின் பயிற்றுவிப்பாளர் விசென்டே டெல் பொஸ்கே. அந்த இரவுக்குப் பின் ஏழு மாதங்கள்கூட நிறைவடையவில்லை. 2011 பெப்ரவரி மாத ஆரம்பத்தில் ஸ்பெயின் அரச வர்த்தமானியில் அவருடைய பெயர் வெளியானது. மன்னர் ஹுவான் கார்லோஸ் அவருக்கு "டெல் பொஸ்கேயின் மார்க்கேஸ்" என்ற பிரபுப் பட்டத்தை வழங்கியிருந்தார். ஸ்பெயினின் விளையாட்டுக்கு அவர் செய்த அர்ப்பணிப்பும், விளையாட்டின் நல்ல பண்புகளை வளர்த்ததும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

இதில் நம்மை நிறுத்தி யோசிக்க வைப்பது ஒரு விடயம். அந்தப் பட்டம் அவருக்கு மட்டும் உரியதல்ல. அவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் என்றே வழங்கப்பட்டது. அதாவது, ஓர் உதைபந்தாட்ட வெற்றிக்காக ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பிரபுக் குடும்பமாகிவிட்டது. கிரிக்கெட் மேதை கார்பீல்ட் சோபர்ஸுக்கு 1975இல் பிரித்தானியா "சேர்" பட்டம் வழங்கியது நமக்குத் தெரியும். அது அவரோடு முடிந்துவிடும், பிள்ளைக்குப் போகாது. ஸ்பெயினின் இந்தப் பட்டமோ பிள்ளைக்குப் போகும், பேரப்பிள்ளைக்கும் போகும்.

21ஆம் நூற்றாண்டில் ஒரு ஜனநாயக நாடு ஏன் இப்படிச் செய்கிறது? இதைப் பெற்ற மனிதர் எங்கிருந்து வந்தவர்? இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால், ஸ்பெயினின் வரலாற்றில் ஒரு பெரிய பகுதியே நம் முன்னால் விரிகிறது.

மார்க்கேஸ் என்றால் யார்?

ஸ்பெயினின் பிரபுப் பட்டங்களில் மேலே இருப்பது டியூக். அதற்கு அடுத்தது மார்க்கேஸ். பெண்ணாக இருந்தால் மார்க்கேசா. அதன் பிறகுதான் கவுண்ட், வைகவுண்ட், பாரன் போன்றவை வரும். எனவே டெல் பொஸ்கேக்குக் கிடைத்தது சிறிய பட்டமல்ல.

இந்தச் சொல்லின் வேர் "மார்க்கா". எல்லைப் பிரதேசம் என்பது அதன் பொருள். எல்லையைக் காவல் செய்யும் தளபதிக்கும் அந்தப் பிரதேசத்தை ஆளும் தலைவனுக்கும் உரிய பெயராகத்தான் இது ஐரோப்பாவில் பிறந்தது. எந்த எல்லை என்று கேட்டால், அங்கே நாம் படித்த அந்தலூஸ் வந்துவிடுகிறது. 8ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், பிராங்கியப் பேரரசர் சார்லமேன் முஸ்லிம்களின் அந்தலூஸுக்கு எதிராகப் பிரெனீஸ் மலைகளின் தெற்கே ஓர் எல்லைப் பிரதேசத்தை ஏற்படுத்தினார். அதற்குப் பெயரே "ஸ்பானிய மார்க்கா". பார்சிலோனா நகரம் 801இல் அவர்கள் கைக்கு வந்தது.

பின்னர் 1482இல் கிரனாடாவின் அல்ஹாமா கோட்டையைத் திடீரெனத் தாக்கிப் பிடித்தவர் கதீஸின் மார்க்கேஸ், ரொட்ரிகோ பொன்சே டி லியோன். பத்து ஆண்டுகள் நீடித்த கிரனாடாப் போர் அந்தத் தாக்குதலோடுதான் தொடங்கியது. 1492 ஜனவரி 2ஆம் திகதி அபூ அப்துல்லாஹ் கிரனாடாவைக் கையளித்ததோடு அது முடிந்தது. அந்தலூஸின் வீழ்ச்சி என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஆக, இந்தப் பட்டத்தின் பழைய பொருள் வாள், எல்லை, நிலம், அதிகாரம். இன்று அவற்றில் எதுவும் மிச்சமில்லை. 1931இல் ஸ்பெயின் குடியரசானபோது, பிரபுப் பட்டங்களை அரசு அங்கீகரிக்காது என்று அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அந்தக் குடியரசைத் தோற்கடித்த ஜெனரல் பிராங்கோ, 1948இல் ஒரு சட்டத்தின் மூலம் பட்டங்களை மீண்டும் கொண்டுவந்தார். தன் ஆட்சிக்குத் துணை நின்றவர்களுக்குத் தானே புதிய பட்டங்களும் கொடுத்தார். பிராங்கோ மறைந்த பிறகு வந்த 1978ஆம் ஆண்டு ஜனநாயக அரசியலமைப்பு, கௌரவங்களை வழங்கும் உரிமையை மன்னரிடம் விட்டுவைத்தது.

இன்று ஒரு மார்க்கேஸுக்கு நிலம் கிடையாது. சம்பளம் கிடையாது. பாராளுமன்றத்தில் ஆசனம் கிடையாது. சட்டத்தின் முன் எல்லோரையும் போல அவரும் ஒரு குடிமகன்தான். கையில் இருப்பது ஒரு பெயரும் மரியாதையான ஒரு விளிப்பும் மட்டும். பட்டம் பெற்றவர் மறைந்தால், வாரிசு நீதி அமைச்சில் விண்ணப்பிக்க வேண்டும், வரியும் செலுத்த வேண்டும். முன்பு ஆண்பிள்ளைக்கே முதலுரிமை இருந்தது. 2006இல் வந்த சட்டத்தின் பின், ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்கே உரிமை.

சலமன்காவிலிருந்து வந்தவர்

விசென்டே டெல் பொஸ்கே 1950 டிசம்பர் 23ஆம் திகதி சலமன்கா நகரில் பிறந்தார். "பொஸ்கே" என்றால் காடு. பழைய பிரபுக்களுக்கு அவர்களின் நிலத்தின் பெயர் பட்டமானது. இவருக்கு நிலமில்லை, தன் குடும்பப் பெயரே பட்டமானது.

அவருடைய தந்தை ஒரு புகையிரத ஊழியர். இடதுசாரிச் சிந்தனை கொண்டவர். உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பைச் சேர்ந்தவர். அதற்காகச் சிறையும் கண்டவர். சலமன்கா எப்படிப்பட்ட நகரம் என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். போரின் ஆரம்ப காலத்தில் பிராங்கோ தன் தலைமையகத்தை வைத்திருந்த நகரம் அது. அப்படிப்பட்ட ஊரில், பிராங்கோவின் ஆட்சியிலேயே, ஒரு முன்னாள் கைதியின் மகனாக வளர்ந்த சிறுவன்தான் விசென்டே.

1968இல் அவர் ரியல் மெட்ரிட் கழகத்தில் சேர்ந்தார். உயரமான மத்தியகள வீரர். வேகம் குறைவு, பந்தைக் கையாளும் நிதானம் அதிகம். அந்தக் கழகத்தோடு ஐந்து முறை லீக் பட்டத்தை வென்றார். 1981இல் ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டியில் லிவர்பூலிடம் 1–0 எனத் தோற்ற அணியிலும் இருந்தார். வீரர்களுக்கு முறையான தொழில் உரிமைகள் இல்லாதிருந்த அக்காலத்தில், 1978இல் உருவான வீரர்களின் தொழிற்சங்கத்தின் ஆரம்பப் பணிகளிலும் பங்கெடுத்தார். சங்கம், உரிமை என்ற பேச்சு அவருக்கு வீட்டிலிருந்தே வந்த ஒன்று.

ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அவர் பெரிய பதவி தேடி ஓடவில்லை. பல ஆண்டுகள் அதே கழகத்தின் இளைஞர் பிரிவில் சிறுவர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1999இல்தான் பிரதான அணியின் பொறுப்பு நிரந்தரமாகக் கைக்கு வந்தது. அடுத்த நான்கு பருவங்களில் இரண்டு லீக் பட்டங்கள், இரண்டு சம்பியன்ஸ் லீக் கிண்ணங்கள். 2003 ஜூன் மாதம் லீக் பட்டத்தை வென்ற மறுநாளே, ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட மாட்டாது என்று அவருக்குச் சொல்லப்பட்டது. 35 ஆண்டுகள் ஒரே கழகத்தோடு இருந்தவர் அமைதியாக வெளியேறினார். அந்தக் கழகம் அடுத்த லீக் பட்டத்தைக் காண 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2008இல் லூயிஸ் அரகோனெஸ் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்று கொடுத்த தேசிய அணி டெல் பொஸ்கேயின் கைக்கு வந்தது. புதிதாக வருபவர் பழையதை உடைத்துத் தன் பெயரை எழுத விரும்புவது வழக்கம். அவர் அதைச் செய்யவில்லை. முன்னவர் கட்டிய அணியையும் ஆட்ட முறையையும் மதித்துத் தொடர்ந்தார். ஜென்மப் பகையாளிகளான ரியல் மெட்ரிட், பார்சிலோனா வீரர்களை ஒரே அறையில் அமர்த்தி ஒரே அணியாக வைத்திருந்தார்.

2010 உலகக் கிண்ணத்தின் முதல் போட்டியில் ஸ்பெயின் சுவிட்சர்லாந்திடம் 1–0 எனத் தோற்றது. அதுவரை முதல் போட்டியில் தோற்ற எந்த அணியும் உலகக் கிண்ணத்தை வென்றதில்லை. மத்தியகளத்தில் புஸ்கெட்ஸ், சாபி அலொன்சோ இருவரையும் சேர்த்து விளையாட வைத்ததுதான் பிழை என்று விமர்சனங்கள் கொட்டின. அவர் இருவரையும் மாற்றவில்லை. அதன்பின் ஸ்பெயின் எல்லாப் போட்டிகளையும் வென்றது. நொக்அவுட் சுற்றின் நான்கு போட்டிகளும் 1–0. ஏழு போட்டிகளில் அடித்தது 8 கோல், வாங்கியது 2 கோல். ஆரவாரமில்லாத மனிதரின் ஆரவாரமில்லாத வெற்றி.

அந்த வெற்றிக்குத்தான் பட்டம். இலக்கியத்துக்கு நோபல் பரிசு பெற்ற மாரியோ வர்காஸ் யோசாவும் அதே காலத்தில்தான் மார்க்கேஸ் ஆனார்.

விளையாட்டால் வந்த மற்றப் பட்டங்கள்

டெல் பொஸ்கே முதலாமவர் அல்லர். 1991 டிசம்பரில், சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்த ஹுவான் அந்தோனியோ சமரான்ச் மார்க்கேஸ் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு அவருடைய சொந்த ஊரான பார்சிலோனாவில் ஒலிம்பிக் விழா நடந்தது. 1980 முதல் 2001 வரை 21 ஆண்டுகள் ஒலிம்பிக் இயக்கத்தை நடத்தியவர் அவர். ஆனால் அவருடைய பாதை வேறு. பிராங்கோ ஆட்சியில் விளையாட்டுத்துறையின் தேசிய பொறுப்பாளராக இருந்தவர். பட்டம் பெற்ற பிறகு, சோல்ட் லேக் சிட்டி லஞ்ச விவகாரம் வெடித்துச் சில ஒலிம்பிக் குழு உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டதும் அவருடைய தலைமைக் காலத்தில்தான்.

அதன்பின் 2025 ஜூன் மாதம், இன்றைய மன்னர் ஆறாம் பெலிப்பே தனது ஆட்சியின் 11 ஆண்டுகள் நிறைவில் சில பட்டங்களை அறிவித்தார். அதில் இரண்டு விளையாட்டு வீரர்கள். ஒருவர் டென்னிஸ் வீரர் ரபாயேல் நடால். 22 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள், அதில் 14 பிரெஞ்சு பகிரங்கப் போட்டியில் மட்டும். அவருக்குக் குடும்பப் பெயரில் அல்லாமல், அவர் பிறந்த மனகோர் நகரம் இருக்கும் மயோர்க்காத் தீவின் கிழக்குப் பகுதியின் பெயரில் பட்டம் வழங்கப்பட்டது. மற்றவர் தெரேசா பெராலெஸ். 19 வயதில் நரம்பு நோயால் நடக்கும் ஆற்றலை இழந்தவர். சக்கர நாற்காலிக்கு வந்த பிறகே நீச்சல் கற்றார். 2000ஆம் ஆண்டு சிட்னி முதல் 2024 பாரிஸ் வரை ஏழு பராலிம்பிக் விழாக்களில் 28 பதக்கங்கள் வென்றார்.

ஒரு காலத்தில் எல்லையில் வாளெடுத்தவருக்கு உரிய பட்டம் இன்று நீச்சல் தடாகத்தில் தன்னோடு தானே போராடிய பெண்ணுக்குக் கிடைக்கிறது. சொல் அதே சொல்தான், பொருள் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்று பாருங்கள்.

ஒரே மன்னர், இரண்டு பட்டங்கள்

இனி நாம் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருவோம்.

ஹுவான் கார்லோஸைத் தனது வாரிசாக 1969இல் பெயரிட்டவரே பிராங்கோதான். 1975 நவம்பர் 20இல் பிராங்கோ மறைந்தார். 22இல் ஹுவான் கார்லோஸ் மன்னரானார். நான்கு நாட்கள் கழித்து, நவம்பர் 26இல், பிராங்கோவின் மகளுக்கு "பிராங்கோவின் டியூக்" என்ற மிக உயர்ந்த பரம்பரைப் பட்டத்தை வழங்கினார். அது மன்னராக அவர் எடுத்த முதல் முடிவுகளில் ஒன்று.

35 ஆண்டுகள் கழித்து, அதே மன்னரின் கை, பிராங்கோவின் தரப்பு சிறையில் அடைத்த ஒரு புகையிரத ஊழியரின் மகனுக்குப் பட்டத்தைக் கையொப்பமிட்டது.

பின்னர் என்ன நடந்தது? 2014 ஜூன் 18ஆம் திகதி பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் சிலியிடம் 2–0 எனத் தோற்று உலகச் சம்பியன் ஸ்பெயின் வெளியேறியது. அதே நாளில்தான் மெட்ரிட்டில் ஹுவான் கார்லோஸ் தனது முடிதுறப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். 2020இல், தன் நிதி விவகாரங்கள் பற்றிய சர்ச்சைகளுக்கு இடையே, நாட்டைவிட்டு அபுதாபிக்குப் போனார். 2022இல் ஸ்பெயின் பாராளுமன்றம் நிறைவேற்றிய ஜனநாயக நினைவுச் சட்டம், சர்வாதிகார ஆட்சியோடு தொடர்புடைய 33 பிரபுப் பட்டங்களை ஒழித்தது. பிராங்கோவின் பேத்திவரை வந்திருந்த அந்த டியூக் பட்டமும் அதில் அடங்கியது.

"என்றென்றைக்கும் வாரிசுகளுக்கு" என்று எழுதிக் கொடுத்தது மூன்றாவது தலைமுறையோடு முடிந்தது. அன்று நாட்டையே கையில் வைத்திருந்தவரின் குடும்பப் பட்டம் போய்விட்டது. கைதியின் மகனுக்குக் கிடைத்த பட்டம் இருக்கிறது. அதைப் பறிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாதபடி அவர் வாழ்ந்திருக்கிறார் என்பதுதான் இதில் நாம் பார்க்க வேண்டியது.

எதைக் கையளிக்க முடியும்?

பரம்பரைப் பட்டம் தேவையா என்று ஸ்பெயினிலேயே கேட்பவர்கள் உண்டு. அவர்களின் கேள்வி நியாயமானது. எல்லோரும் சமம் என்று சொல்லும் நாட்டில், பிறப்பால் மட்டும் ஒருவருக்கு ஒரு பெயர் ஏன் வர வேண்டும்? அதுவும் விளையாட்டில்! ஆட்டக்களம் ஒன்றுதான் தகப்பன் யார் என்று கேட்காத இடம். தொண்ணூறு நிமிடத்தில் யார் நன்றாக ஆடினார் என்பதே அங்கு கணக்கு. அப்படிப்பட்ட களத்தில் உழைத்துப் பெற்றதை, உழைக்காத பிள்ளைக்கு எழுதி வைப்பது முரண்தானே?

மறுபக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பிரபு என்ற சொல் பல நூறு ஆண்டுகள் ஒரு சில குடும்பங்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. புகையிரத ஊழியரின் மகனும் சக்கர நாற்காலியில் வாழும் பெண்ணும் அந்தப் பட்டியலில் ஏறும்போது, அந்தப் பழைய சுவரில் ஒரு கதவு திறக்கிறது. இந்தக் கௌரவத்தின் மதிப்பு கதவு திறந்ததில் இருக்கிறது. பின்னால் வருபவர் பெயரை வைத்துக்கொள்வதில் இல்லை. நமது நிலைப்பாடு இதுதான்.

ஏனென்றால் டெல் பொஸ்கேயின் பட்டம் பிள்ளைக்குப் போகலாம், அந்த உலகக் கிண்ணம் போகாது. சுவிட்சர்லாந்திடம் தோற்ற இரவில் பதறாமல் இருந்த அந்த மனம் வர்த்தமானியில் எழுதி வாரிசுக்குக் கொடுக்கக் கூடியதல்ல. அதை ஒவ்வொருவரும் தானே சம்பாதிக்க வேண்டும்.

நமது ஊர்களில் ஒரு பிள்ளையைப் புதிதாகக் கண்டால் நாம் முதலில் கேட்பது, "யாருடைய மகன்?" என்றுதான். அதில் பாசம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பதிலைக் கேட்டதும் அந்தப் பிள்ளையின் உயரத்தை மனதுக்குள் அளந்துவிடுகிறோமே, அது சரிதானா? பெரிய இடத்துப் பிள்ளை என்றால் ஒரு கதிரை, கூலி வேலை செய்பவரின் பிள்ளை என்றால் பின்வரிசை. வகுப்பறையில் நிற்கும் நாங்கள் இதை அன்றாடம் காண்கிறோம். வாப்பாவின் பெயர் கேட்டதும் தலை நிமிரும் பிள்ளையும் உண்டு, தலை குனியும் பிள்ளையும் உண்டு. இரண்டுமே அந்தப் பிள்ளைகள் சம்பாதித்தவை அல்ல.

1950களின் சலமன்காவில் விசென்டே என்ற சிறுவனிடம் யாராவது அதே கேள்வியைக் கேட்டிருந்தால், அவன் சொல்லும் பதில் அந்த ஊரில் பெருமைக்குரியதாக இருந்திருக்காது. அறுபது ஆண்டுகள் கழித்து, அதே பெயரை நாடே மரியாதையோடு உச்சரித்தது. தந்தை மகனுக்குப் பட்டம் எதுவும் விட்டுச் செல்லவில்லை. மகன் பட்டம் பெற்றபோது, அதில் இருந்தது தந்தையின் குடும்பப் பெயர்.

அடுத்த முறை ஒரு பிள்ளையைக் காணும்போது, "யாருடைய மகன்?" என்று கேட்டுவிட்டு நிறுத்தாமல், "நீங்க என்ன செய்ய ஆசைப்படுறீங்க மகன்?" என்றும் கேட்டுப் பார்ப்போம். பின்வரிசையில் இருக்கும் பிள்ளையிடம் முதலில் கேட்போம்.